மீதியார்

எங்கள் சமயத்தில் கடவுள் இல்லை.
வேலையைப் பாதியில் விட்டுப் போனவர்களே காவல்.
முடித்துவிட்டுச் செத்தவர்கள்
சும்மா செத்தவர்கள்.
அவர்களுக்கு ஒரு நாள் அழுகை, ஒரு சட்டி சோறு,
அதோடு சரி.

பாலமீன்மடுவில் மட்டும் இருபத்தொரு மீதியார்.
மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டப் போய்
தூக்கிய மண்ணைக் கொட்டாமலே போனவர்
வேலாப்போடி மீதியார்.
ஊருக்குள் தண்ணீர் ஏறினால் அவரை நினைத்து
ஒரு பிடி மணலைக் கையில் பொத்தி வைத்திருக்க வேண்டும்.
கொட்டக் கூடாது.
போன மாரிக்கு மூன்று இரவு பொத்தினோம்.
விரல்களுக்கு விரியவே மறந்துபோனது.

கடிதத்தில் சுகம் விசாரித்து
"நிற்க" என்று எழுதி
அங்கேயே நின்றுபோன கோணாமலை மீதியார்
கட்டாருக்குப் போன பிள்ளைகளுக்குக் காவல்.
பஸ்ஸில் மிச்சக் காசு கேட்க வாய் திறந்த
அரியமலர் மீதியார் என்றால் கொண்டக்டர்மாருக்கே பயம்.
தும்ம வந்து தும்மாமல் போன ஒருவரும் உண்டு.
அவர் திருநாளில் சிரிப்பை அடக்க முடியாது,
அடக்கவும் தேவையில்லை.

சட்டம் ஒன்றுதான்:
மீதியாரின் மீதியை எவரும் தொடக் கூடாது.
முடித்தால் அவர் இறங்கிப் போவார்,
வெறும் செத்தவராய்.
ஆகவே எங்கள் ஊரில்
தண்ணீர் காணாத கிணறு,
ஒரு கை மட்டும் தைத்த சட்டை,
முக்கால் சுவர், அதன்மேல் ஓர் ஆடு.
நோய் முற்றினால்
பாதி பின்னிய வலையை மடியில் வைத்துக்கொண்டு
படுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.
அது செல்லாது.
வேண்டுமென்று விட்ட மீதி கணக்கில் வராது.

மேகராசா தோணிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.
நீலப் பெயின்ற்.
வெ, பிறகு ள், பிறகு ஒரு ள.
தூரிகையைப் பேணிக்குள் விட்டு
"எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கி வாறன்" என்றார்.

முப்பத்தோராம் நாள்
அரைத் தேங்காயும் அரை வெற்றிலையுமாய் ஊர் வந்தது,
அவரை மீதியாராக ஏற்ற.
பெயரில்லாத தோணிகளுக்கு இனி இவர் காவலாம்.
செத்தது ஆருக்குத் தெரியும் என்று கேட்டேன்.
"வேலை பாதியில நிக்குது கா. அது காணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளாப்பிலும்
யார் யாரோ வந்து
அந்த ளவைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.
நீலம் தேய்கிறது.
வெள்ளி என்று எழுத நினைத்தாரா?
வெள்ளமா?
வெள்ளம் என்று தோணிக்கு எவன் பெயர் வைப்பான்,
எண்ட மனிசன் வைப்பார்.
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

நேற்றிரவு தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன்.
மயிர் இளகக் கனநேரம் எடுத்தது.
வெளிச்சவீட்டுப் பக்கமிருந்து காற்று.
முடித்தால் காவல் போகும். போகட்டும்.
மீதியார் இல்லையென்றால்
எண்ணெய் வாங்கப் போன ஓர் ஆள்தான் அவர்.
எண்ணெய் வாங்கப் போன ஆள்
திரும்பி வரலாம்.

வெள்ளாப்பு என்று எழுதினேன்.
முதல் ப-வுக்குப் புள்ளி வைக்கவில்லை.
கடைப் பலகையில் ஒரு புள்ளி குறைந்தாலே
சைக்கிளை நிறுத்தி முதலாளியைக் கூப்பிடுகிற மனிசன்.
சொந்தத் தோணியில் இப்படி நிற்க
விடமாட்டார்.

விடிந்ததும் ஊர் கூடிக் கத்தியது.
அரைத் தேங்காய்களைத் திருப்பிக் கேட்டது.
கொடுத்தேன், இரண்டு ஊசிப்போயிருந்தன.
ஒரு பொடியன் மட்டும்
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
"அன்ரி, புள்ளி இல்ல" என்றான்.

வேணுமெண்டு விட்டது, தம்பி.
அது செல்லாது.

தூரிகையை மறுபடி மண்ணெண்ணெயில் வைத்தேன்.
காயக் கூடாது.